மூச்சுத் திணறும் பிள்ளைக்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்



தென்மேல் பருவ மழை தொடங்கிவிட்டால் நமது லயங்களில் இரவெல்லாம் பிள்ளைகளின் இருமல் சத்தம்தான். இழுப்போடு விடிய விடியக் கிடந்த பிள்ளையைப் பாட்டியிடமோ பிள்ளை மடுவத்திலோ ஒப்படைத்துவிட்டுத் தாய் பெரட்டுக்குப் போகிறாள். கை கொழுந்து பறிக்கிறது, மனம் லயத்தில் கிடக்கிறது. சம்பளம், வீடு, காணி என்று மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம். இந்த மாதம் நமது பிள்ளைகளின் மூச்சைப் பற்றி எழுதுகிறோம். இதையும் தொழிற்சங்கம் பேசத்தான் வேண்டும்.

காரணம் இதுதான். ஆஸ்துமா திடீரென்று முற்றினாலும், ஒத்துக்கொள்ளாத உணவைத் தின்று உடம்பு கொந்தளித்தாலும், பிள்ளையைக் காப்பாற்ற நம்மிடம் இருப்பது சில நிமிடங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. அவை புதிய மருந்துகளும் அல்ல, பணக்காரருக்கு மட்டும் உரியவையும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டிய மருந்துகள் என்று வகுத்துள்ள பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் மருந்து டிஸ்பென்சரி அலுமாரியிலும் நகரத்து வைத்தியசாலையிலும் இருக்கிறது. பிள்ளையோ லயத்திலும், பிள்ளை மடுவத்திலும், பாடசாலையிலும் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தைக் குறைப்பது ஒரு தாயால் தனியாக முடிகிற காரியமல்ல. நாம் சேர்ந்து கேட்டால் முடியும்.

முதலில் ஆஸ்துமாவைப் பார்ப்போம். நாம் இழுப்பு என்கிறோம், இளைப்பு என்கிறோம், இப்போது வீசிங் என்றும் சொல்கிறோம். நெஞ்சுக்குள் காற்றுப் போகும் சின்னக் குழாய்கள் மூன்று விதமாக அடைபடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்குகிறது. சளி நிறைகிறது. அதனால்தான் உள்ளே இழுத்த காற்றை வெளியே விட முடியாமல் பிள்ளை தவிக்கிறது, விசில் போல் சத்தம் கேட்கிறது.

இது பரம்பரையாகவும் வரலாம். ஆனால் வந்த நோயைக் கிளறிவிடுவதற்கு லயத்தில் எதற்கும் குறைவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். கவ்வாத்து மிலாறு மழையில் நனைந்திருந்தால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. கம்பளி மாதக்கணக்கில் வெயில் காண்பதில்லை. நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகை, அப்பாவின் பீடி எல்லாம் அதே காற்றில்தான் கலக்கின்றன. லயத்தை ஒட்டிய மலையில் மருந்தடித்தால் அந்த நெடியும் வந்து சேர்கிறது. ஸ்டோரில் வேலை செய்வோர் தேயிலைத் தூசியைத் தலையிலும் உடுப்பிலும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தூசி வேலையாளுக்கே ஆஸ்துமாவைத் தரக்கூடியது என்பதை நமது நாட்டு மருத்துவர் சி. ஜி. ஊரகொட 1970 இலேயே மருத்துவச் சஞ்சிகையில் எழுதிவிட்டார். ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம் இது. ஸ்டோர் வேலையாட்கள் வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது நல்லது.

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை பம்ப் தருகிறார்கள். இந்த இரண்டின் வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் பல வீடுகளில் காணும் முதல் சிக்கல். பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது சல்பியூட்டமோல். இறுகிய தசையைத் தளர்த்தி, சில நிமிடங்களில் மூச்சை இலகுவாக்கும். இழுப்பு வந்தபோது கொடுக்க வேண்டியது இதுதான். பெரும்பாலும் மண்ணிறத்தில் வருவது பெக்லோமெதசோன் போன்ற மருந்து. இது வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். இழுப்பு இல்லாத நாளிலும் தினமும் பிடிக்க வேண்டும். பிடித்த பின் வாய் கொப்புளிக்க வேண்டும். பிள்ளை சுகமாக இருக்கிறதே என்று மண்ணிறப் பம்ப்பை நிறுத்திவிட்டால் அடுத்த மழையில் நீல பம்ப்பும் போதாமல் போகும். ஒரு கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் நீல பம்ப் தேவைப்படுகிறது என்றால், நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். கிளினிக் நாளுக்கு முன்னரே டொக்டரிடம் காட்டுங்கள்.

பம்ப் பிடித்தால் பழகிவிடும், பிறகு விட முடியாது என்று சொல்வோர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். பெண் பிள்ளை பம்ப் பிடிப்பது வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று ஒளித்து வைப்போரும் இருக்கிறார்கள். பம்ப் யாரையும் அடிமையாக்குவதில்லை. நோய் இருக்கும்வரை மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான். மாத்திரையும் சிரப்பும் வயிற்றுக்குப் போய் இரத்தத்தில் கலந்து நெஞ்சை அடைய நேரமாகும், கை நடுக்கமும் கூடும். பம்ப் மருந்து நேராக நெஞ்சுக்குப் போவதால் சிறிய அளவே போதும், வேலையும் சீக்கிரம் செய்கிறது. கோவிலில் நூல் கட்ட வேண்டுமானால் கட்டுங்கள், சாமிக்கு நேர்த்தி வைக்க வேண்டுமானால் வையுங்கள். பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பம்ப்பை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு அழுத்தும் நேரமும் இழுக்கும் நேரமும் ஒத்து வராது. அதற்குத்தான் ஸ்பேசர் என்னும் குழல். கடையில் வாங்க வசதியில்லாவிட்டால் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டே அதைச் செய்யலாம். போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட வேண்டும். போத்தலின் வாய் பிள்ளையின் வாய்க்கு. தென்னாபிரிக்காவில் இழுப்போடு வந்த பிள்ளைகளுக்கு இப்படிப் போத்தல் குழலைக் கொடுத்துப் பார்த்து, கடையில் விற்கும் குழலைப் போலவே அது பயன் தருவதை மருத்துவர்கள் 1999 இல் எழுதியிருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். செய்ததை ஒருமுறை கிளினிக்கில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாயால் சரியாகக் கவ்வ முடியாத மிகச் சின்னப் பிள்ளைக்கு முகமூடி வைத்த குழல் தேவை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பம்ப் எப்போது முடியும் என்பதையும் கணக்கு வைக்க வேண்டும். வழக்கமாக ஒரு பம்ப்பில் 200 தடவை மருந்து இருக்கும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று பிடிக்கும் மண்ணிறப் பம்ப் 50 நாளில் முடிந்துவிடும். மருந்து முடிந்த பிறகும் அழுத்தினால் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும், பார்ப்பவருக்கு மருந்து வருவது போலவே தெரியும். புதுப் பம்ப் தொடங்கிய திகதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இழுப்பு வந்தால் செய்ய வேண்டியது இது. பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுற்றிக் கூட்டம் சேர வேண்டாம். நீல பம்ப்பை நன்றாகக் குலுக்கிக் குழலில் பொருத்தி ஒரு தடவை அழுத்துங்கள், பிள்ளை நான்கு மூச்சு இழுக்கட்டும். மறுபடி குலுக்கி அழுத்துங்கள். இப்படி நான்கு தடவை. நான்கு நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் இன்னும் நான்கு தடவை. அப்போதும் குறையாவிட்டால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். போகும் வழியிலும் இதே முறையில் மருந்து கொடுத்துக்கொண்டே போங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் நான்கு நிமிடம்கூடப் பொறுக்க வேண்டாம். பிள்ளை ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறுவது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே போவது, உதடு நீலம் பாய்வது, பிள்ளை சோர்ந்து தூங்குவது போல் ஆவது. இரைச்சல் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை இன்னும் திணறுகிறது என்றால் அது சுகமான அறிகுறியல்ல. காற்றே போகவில்லை என்று பொருள். உடனே மருந்தைக் கொடுத்தபடியே புறப்படுங்கள்.

அடுத்தது உணவு ஒவ்வாமை. இதைப் பற்றி நமக்குள் பேச்சே குறைவு. சிலருக்கு அலர்ஜி என்பது சும்மா ஒரு சொறி. சிலருக்கு அது உயிர் போகிற விஷயம். பசுப்பால், முட்டை, கோதுமை மா, கச்சான், முந்திரி, இறால், கணவாய், மீன், மாட்டிறைச்சி, சோயா ஆகியவற்றில் ஏதாவதொன்று ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நாம் தினமும் தின்னும் தேங்காய்கூட ஒரு சில பிள்ளைகளுக்கு ஆகாது. கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு வாய் போதும்.

தோட்டத்தில் உணவு பல கைகளிலிருந்து பிள்ளைக்குப் போகிறது. எடை குறைந்த பிள்ளைக்கு மருத்துவ மாது தரும் திரிபோஷா சோளம், சோயா, பால்மா சேர்ந்தது. பாலோ சோயாவோ ஆகாத பிள்ளைக்கு அது சத்து மாவல்ல, ஆபத்து. பிள்ளை மடுவத்தில் பால் கரைத்துக் கொடுக்கிறார்கள். பாடசாலைச் சாப்பாட்டில் ஒரு நாள் முட்டை, ஒரு நாள் நெத்தலி. பிறந்தநாளுக்குக் கேக், தீபாவளிக்குப் பலகாரம், திருவிழாவில் அன்னதானம், பக்கத்து வீட்டு ஆயாவின் அன்பான ஒரு பால் டொபி. யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை. அவர்களுக்குத் தெரியாது, தெரியப்படுத்துவது நமது வேலை. பிள்ளைக்கு எது ஆகாது என்பதை மருத்துவ மாதுவுக்கும், பிள்ளை மடுவப் பொறுப்பாளருக்கும், வகுப்பாசிரியருக்கும், சமைப்பவருக்கும், லயத்து அயலாருக்கும் சொல்லிவையுங்கள். பிள்ளைக்குப் புரியும் வயது வந்ததும், அம்மாவைக் கேட்காமல் யார் தந்தாலும் தின்னக் கூடாது என்று பழக்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வரும் மீன் கடற்கரையிலிருந்து மலை ஏறி வருவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடுகிறது. பாரை, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்து கெட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்துப்போகும். பார்க்க அலர்ஜி போலவே இருக்கும். ஒரே மீனைத் தின்ற பல பேருக்கு ஒன்றாக வந்தால் மீன் கெட்டது என்று சந்தேகிக்கலாம். எது என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். ஒருமுறை தடித்தது என்பதற்காகப் பிள்ளைக்குப் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நாமாகவே நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே சத்துக் குறைந்த பிள்ளைகள் நமது பிள்ளைகள்.

கடும் ஒவ்வாமையை மருத்துவர்கள் அனபைலக்சிஸ் என்கிறார்கள். ஆகாததைத் தின்ற சில நிமிடங்களில் தொடங்கலாம், இரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம். உடம்பில் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குவது மட்டுமென்றால் ஒரு நிலை. அதோடு குரல் அடைத்தாலோ, இழுப்பு வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலை சுற்றி மயங்கினாலோ அது உயிர் ஆபத்து. சில பிள்ளைகளுக்குத் தடிப்பே இல்லாமல் நேராக மூச்சும் மயக்கமும் வரும்.

அந்த நிலைக்கு மருந்து ஒன்றுதான், அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். பிரிட்டோன் மாத்திரை சொறியைக் குறைக்கும், ஆனால் அடைத்த தொண்டையைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. பிரிட்டோன் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நேரம் பிள்ளையின் உயிர் நேரம். ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்த பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆகாததைத் தின்ற பின் இழுப்பு வந்தால் முதலில் அட்ரினலின், பிறகு நீல பம்ப். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் இரண்டாவது ஊசி போடுவார்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திவையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டி உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள், நடத்திக் கூட்டிப் போகவும் வேண்டாம். ஊசிக்குப் பிறகு தேறிவிட்டாலும் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்தில் மறுபடி வரக்கூடும்.

வெளிநாடுகளில் இந்தப் பிள்ளைகள் அட்ரினலின் பேனாவைப் பையிலேயே கொண்டு திரிகிறார்கள். தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி தானாக இறங்கும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் அது இல்லை. ஆனால் அதே அட்ரினலின் ஒரு மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. பிள்ளைக்குத் தேவை அந்தக் குப்பியில் ஒரு சிறு பங்கு. எந்த வயதுக்கு எவ்வளவு என்ற அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தால் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். பெரிய ஆபத்து உள்ள பிள்ளைக்கு, அளவை முன்கூட்டியே நிரப்பிய ஊசியைக் குடும்பத்துக்குப் பயிற்சியோடு கொடுக்கும் வழியும் இருக்கிறது. அதை டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்பது நமது உரிமை.

இனி நமது தோட்டங்களின் நிலையைப் பார்ப்போம். டிஸ்பென்சரி இருக்கிறது. ஒரு வைத்திய உதவியாளர் இரண்டு மூன்று தோட்டங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர் வரும் நாளில் திறந்திருக்கும், மற்ற நாளில் பூட்டு. இரவில் பூட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டு. இழுப்பு பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் முற்றுகிறது. பெரிய வைத்தியசாலைக்குப் போக வண்டி வேண்டும். வண்டிக்கு அனுமதி வேண்டும். அனுமதி தரும் ஐயா அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க வேண்டும். இந்த வரிசையில் எங்கே தடங்கினாலும் பிள்ளை அங்கே தடங்குகிறது. இது வைத்திய உதவியாளரின் குற்றமல்ல. அவரும் நம்மைப் போல் ஆள் பற்றாக்குறையில் அல்லாடுபவர்தான்.

தோட்டத்தில் நோயுற்றவருக்கு உதவி செய்வது நிர்வாகத்தின் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, தோட்டத்தில் யார் நோயுற்றார்கள் என்பதை அறிந்து உடனடி உதவிக்கு வழி செய்யும் கடமையைத் தோட்டத் துரையின் மேல் வைத்தது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது கொழுந்தும் இலாபமும் மட்டும் கைமாறவில்லை, இந்தப் பொறுப்பும்தான் கைமாறியது.

அரசாங்கத்தின் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் தொடங்கி 2018 முதல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. கட்டணம் இல்லை. ஆனால் லயத்துக்கு முகவரி இல்லை. மேல் டிவிசன், ஐந்தாம் நம்பர் லயம் என்றால் நமக்குத் தெரியும், வெளியூர்ச் சாரதிக்குத் தெரியாது. ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிசன், பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடம், கோவில் அல்லது கொழுந்து மடுவம் போன்ற அடையாளம், இவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு லயத்து இஸ்தோப்பிலும் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் நாக்கு குழறும்போது அந்தத் தாளைப் பார்த்துப் படித்தால் போதும். தோட்ட வீதி பழுதாகி வண்டி மேலே ஏறாது என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த இடத்துக்கு இறங்க வேண்டும் என்பதை இன்றைக்கே முடிவு செய்துவையுங்கள்.

பாடசாலையைப் பற்றி ஓர் ஆசிரியராகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பம்ப்பைப் பையில் வைத்து அனுப்பத் தாய்மார் பயப்படுகிறார்கள், தொலைந்துவிடும் என்று. ஒரே பம்ப்பை வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளை அரை நாள் இருப்பது வகுப்பில். ஓடி விளையாடி இழுப்பு வருவதும், சுண்ணக்கட்டித் தூசியில் இருமுவதும் அங்கேதான். மருந்து கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் பழி தங்கள் மேல் விழும் என்று ஆசிரியர்களும் தயங்குகிறார்கள். இரண்டு பயத்தையும் ஒரு தாள் தீர்க்கும். பிள்ளையின் பெயர், என்ன நோய், எது ஆகாது, எந்த அடையாளம் கண்டால் எந்த மருந்து எவ்வளவு, யாரைக் கூப்பிட வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கையொப்பமிட்ட தாள், அதன் கீழே பெற்றோரின் சம்மதம். அதோடு ஒரு சின்னப் பெட்டியில் மருந்தும் குழலும். பெட்டியைப் பூட்ட வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். பயிற்சி பெற்ற இருவராவது பாடசாலையில் இருக்க வேண்டும், ஏனெனில் ஒருவர் லீவு எடுப்பார்.

அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருப்பதைப் பாட்டி படிப்பாரா? பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளர் படிப்பாரா? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. டொக்டருக்குத் தமிழ் எழுத வராவிட்டால் நமது சங்கத்து இளைஞர்கள் எழுதிக் கொடுத்து, டொக்டரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கலாம்.

கிளினிக்கின் பேரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் செலவும் ஓட்டோ செலவும் கைக்காசு. அதனால்தான் மருந்து முடிந்தும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகிறது. பிறகு ஒரு நாள் இரவில் அவசரமாக ஓட வேண்டி வருகிறது, அந்த ஓட்டத்துக்கு இன்னும் பல நாள் சம்பளம் போகிறது. தாயின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. சம்பளக் கணக்கே இப்படித்தான் நெருக்குகிறது. மலையில் இருக்கும் தாய்க்குச் செய்தி போனால் அவள் கூடையை வைத்துவிட்டு வருவதற்கு யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்ற நிலை வேண்டும்.

ஆகவே நமது சங்கம் தோட்ட நிர்வாகங்களிடமும், சுகாதார, கல்வி அதிகாரிகளிடமும் இவற்றைக் கேட்க வேண்டும்:

1. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் நீல பம்ப், குழல், நெபுலைசர், அட்ரினலின் குப்பி, ஊசி, வயதுக்கேற்ற அளவு அட்டவணை எப்போதும் இருக்க வேண்டும். காலாவதித் திகதியை மாதந்தோறும் பார்த்துப் பதிய வேண்டும்.

2. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டிஸ்பென்சரிச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த வண்டி ஓடும் என்பதை எழுதி ஒட்ட வேண்டும். அவசரத்துக்கு வண்டி கேட்டால் அனுமதிக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது.

3. பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் பயிற்சி வேண்டும். பாடசாலைச் சாப்பாட்டில் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு மாற்று உணவு வேண்டும்.

4. பிள்ளையின் கிளினிக் நாளிலும் அவசர நாளிலும் பெற்றோரில் ஒருவரின் பேரை வெட்டக் கூடாது.

5. லயத்துக்கும் பாடசாலைக்கும் அருகில் மருந்தடிக்கும் நாளை முன்னதாக அறிவிக்க வேண்டும்.

6. கட்டும் புது வீடுகளில் புகைபோக்கி வைத்த தனிச் சமையலறை இருக்க வேண்டும். பழைய லயங்களில் ஒழுகும் கூரையைத் திருத்தித் தர வேண்டும்.

கேட்டதெல்லாம் கிடைக்கும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் அணித் தலைவியும் சேர்ந்து இந்த மாதத்திலேயே ஒரு கொப்பி போடுங்கள். எந்த லயத்தில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது, மருந்து எங்கே இருக்கிறது, இரவில் ஓட்டோ யாருடையது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இளைஞர்கள் யார். பெற்றோரின் சம்மதத்தோடு மட்டும் எழுதுங்கள். ஊர் பேசுவதற்கான பட்டியலாக அது ஆகிவிடக் கூடாது, தலைவியின் கையிலேயே இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திய உதவியாளரையோ மருத்துவ மாதுவையோ அழைத்து, கோவில் மண்டபத்திலோ பாடசாலையிலோ பம்ப் பிடிக்கும் முறையை எல்லோரும் செய்து பழகுங்கள். பாட்டிமாரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பகலில் பிள்ளையோடு இருப்பது அவர்கள்தான்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், சம்பளப் பேச்சுக்கு அடுத்ததாக இதைச் சேர்க்கும்படி எல்லாத் தலைவர்களையும் தலைவிகளையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் டிஸ்பென்சரியில் மேலே முதலாவதாகச் சொன்ன மருந்துகளில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்த்து எழுதி, மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். எல்லாத் தோட்டங்களின் பட்டியலையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் நிர்வாகத்தின் முன்னால் உட்காரப் போகிறோம்.